சுவருக்கு மேலால் வந்த வேம்பு

வேப்பமரம் அந்தரத்தில் நின்றது. பூம் லொறியின் இரும்புக் கை அதைப் பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலால் தூக்கிப் பிடித்திருந்தது. அடியில், வேரோடு சேர்த்துச் சாக்குச் சுற்றிய மண்ணுருண்டை மெதுவாகச் சுழன்றது. மாட்டுவண்டிச் சில்லை விட அகலமானது அது. அதிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டி என் சட்டையில் விழுந்துகொண்டிருந்தது.

மரத்தை ஆடவிடாமல் பிடிக்க இரண்டு கயிறுகள். ஒன்று என் கையில். மற்றது லத்தீபின் கையில். நடுவில் இலையும் கொப்பும். அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. என் முகம் அவனுக்குத் தெரியவில்லை. பல வருடமாக நாங்கள் இரண்டு பேரும் கதைப்பதில்லை. ஆகவே அந்த மறைப்பு இருவருக்கும் வசதி.

அவன் கயிற்றை ஒரு தடவை சுண்டினான். பொறு என்று அர்த்தம். நான் பொறுத்தேன்.

போன வாரம் இந்தப் பத்திரிகையில், நான் வேலை செய்த டோஹா கேம்பில் குளிக்கத் தண்ணீர் வராத நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, மரம் ஏற்றி இறக்குகிற ஆளுக்கு எதற்கு இவ்வளவு கோபம் என்று கேட்டார். எனக்கு வாயால் பதில் சொல்ல வராது. இந்த வேம்பைப் பற்றி எழுதுகிறேன். படித்துவிட்டு அவரே முடிவு செய்யட்டும்.

கயிற்றுப் பாஷை

பெரிய மரத்தை இறக்குவது பலத்தால் நடக்கிற வேலை இல்லை. பாரத்தை லொறி தூக்கும். பெல்ட்டை மரத்தின் தண்டில் போடக்கூடாது, மண்ணுருண்டையின் அடியில் போட வேண்டும். தண்டில் போட்டால் பட்டை உரியும், பட்டை உரிந்த மரம் கொஞ்ச நாளில் கருகும். இவ்வளவும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கலாம்.

சொல்லிக் கொடுக்க முடியாதது கயிறு. காற்று ஒரு பக்கம் தள்ளும். கிளை ஒரு பக்கம் சாயும். ஒருவன் இழுத்தால் மற்றவன் அதே அளவுக்கு விட வேண்டும். விடாவிட்டால் உருண்டை எங்காவது மோதும். மோதினால் மண் வெடிக்கும். உள்ளே இருக்கிற மயிர் வேர்கள் அறும். வெளியே பார்த்தால் மரம் பச்சையாகத்தான் நிற்கும். பிறகு ஒரு நாள் இலை எல்லாம் கொட்டும்.

டோஹாவில் பேரீச்ச மரங்களும் வேம்புகளும் தூக்கி இறக்குவது எங்கள் வேலை. கிரேன் சத்தத்தில் ஒருவன் கத்துவது மற்றவனுக்குக் கேட்காது. அதனால் நானும் லத்தீபும் கயிற்றிலேயே கதைத்தோம். ஒரு சுண்டு என்றால் பொறு. இரண்டு என்றால் விடு. மூன்று என்றால் ஆபத்து, அப்படியே நில்.

கேம்பில் எனக்குப் பக்கத்துக் கட்டில் அவனுடையது. சமைப்பது நான், பீங்கான் கழுவுவது அவன். நான் குறைவாகக் கதைக்கிற ஆள். அவன் கதைத்துக்கொண்டே இருப்பான். அங்கே எனக்கு வேறு கூட்டாளி இருக்கவில்லை. என் தங்கச்சி சுலைஹாவை அவனுக்குக் கட்டிக் கொடுத்தது நான்தான்.

வீடு யாருடையது

எங்கள் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்கு. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் அதுதான் வழக்கம். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அதில் வந்து இருப்பான். வாப்பாவால் முடியாவிட்டால் காக்காமார், அண்ணன்மார், கட்ட வேண்டும். தங்கச்சிக்கு வீடு எழும்பும் வரைக்கும் காக்காவுக்குப் பெண் பார்க்கமாட்டார்கள்.

நான் கட்டினேன். சாய்ந்தமருதில், கடற்கரைக்குப் போகிற ஒரு ஒழுங்கைக்குள், சுவரும் கேற்றும் வைத்து. கட்டி முடித்தபோது எனக்குப் பெண் கொடுக்க யாரும் தேடி வரவில்லை. நானும் யாரையும் தேடிப் போகவில்லை. அதைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை.

சுலைஹா சிறுநீரக வருத்தத்தில் மௌத்தானாள். ஒரே பிள்ளை, சிபானா. நான் டோஹாவை விட்டு வந்துவிட்டேன். அவளுக்கு ஓதி வருடக் கத்தம் கொடுக்கும் முன்பே லத்தீப் அக்கரைப்பற்றில் இரண்டாம் கலியாணம் முடித்து, அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்விட்டான். மார்க்கத்தில் அது குற்றமில்லை என்று பலர் எனக்குச் சொன்னார்கள். எனக்கும் தெரியும். நான் மார்க்கத்தைக் கேட்கவில்லை. என் தங்கச்சியின் உடுப்புகள் இன்னும் கொடியில் கிடந்தன, அதைத்தான் சொன்னேன்.

அன்றிலிருந்து அவனோடு கதைப்பதில்லை.

பிள்ளை அந்த வீட்டிலேயே இருந்தாள். வீடு அவளுடையது. நான் அவளோடு இருந்தேன். சோறு ஆக்கினேன், பள்ளிக்கூடம் அனுப்பினேன், தலை பின்னப் பழகினேன். பின்னல் எப்போதும் ஒரு பக்கம் கோணும். அதற்காக அவள் வகுப்பில் பகிடி வாங்கினாள்.

அவள் வாப்பா வெள்ளிக்கிழமைகளில் வந்து பார்ப்பான். அவன் கேற்றால் வருவான், நான் பின்வாசலால் போவேன்.

ஒரு கேள்வி

சிபானாவுக்கு மாப்பிள்ளை பேசி வந்தார்கள். நல்ல பொடியன், குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவனுடைய மூத்த காக்கா ஹனீபா புடவைக் கடை வைத்திருப்பவர். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு கதிரையில் இருந்து கேட்டார்.

“வீடு அழகா இரிக்கி. பொண்ட மாமா மறுகா எங்க இரிக்கப் போறாரு?”

நான் குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு திரைச்சீலைதான்.

இப்படிக் கேட்பது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு இல்லை. பெண்ணுக்கு வீடு கொடுத்தால் வேறு ஆள் இல்லாமல் ஒழித்துக் கொடுக்க வேண்டும். தாய் தகப்பனே பின் பக்கம் ஒரு கொட்டில் போட்டு ஒதுங்குவார்கள். மாமன் எந்த மூலைக்கு.

பெண்ணின் வாப்பா என்பதால் பதில் சொல்ல வேண்டியவன் லத்தீப். அவன் யோசிக்கவே இல்லை.

“அவர் ஒலுவில்ல இரிப்பாரு. அங்க அவர்ர கூட்டாளிட தென்னந்தோட்டம் ஒண்டு இரிக்கி. வாடியும் இரிக்கி.”

அந்தத் தோட்டத்தையும் அதிலுள்ள ஓலைக் குடிசையையும் பற்றி நான் அவனிடம் சொன்னது டோஹாவில், கட்டிலில் படுத்துக்கொண்டு. வயது போனால் அங்கே போய்க் கிடக்கலாம் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அதை எடுத்து அவன் என் தலையில் வைத்தான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

தேத்தண்ணீரைக் கொண்டுபோய் வைத்தேன். லத்தீபின் கோப்பைக்கு மட்டும் சீனி போடவில்லை. அவன் அதை அடி வரைக்கும் குடித்தான்.

களிமண்

சில நாட்கள் கழித்துச் சிபானா குசினிக் கதவில் வந்து நின்றாள்.

“மாமா, நீங்க போறதுக்கு முந்தி வாசல்ல ஒரு மரம் வச்சுத் தாங்க.”

“வேப்பங் கண்டு ஒண்டு வாங்கிட்டு வாறன்.”

“கண்டு எனக்கு வாணா. அது வளர்ர வரைக்கும் நீங்களா இஞ்ச இரிக்கப் போறீங்க?”

அவள் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அழுகிற பிள்ளை இல்லை அவள். சோற்றுப் பானையைத் திறந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

கன்று நடுகிறவர்களை எனக்கு எப்போதும் பிடிக்காது. படம் பிடிக்க ஆள் வைத்து, ஒரு சாண் கன்றைப் பத்துப் பேர் தொட்டுக்கொண்டு நிற்பார்கள். அடுத்த மாதம் ஆடு தின்றிருக்கும். பெரிய மரமாகவே கொண்டுவருவது என்று முடிவு செய்தேன். போகிறதற்கு முன் அதன் நிழலில் நானும் கொஞ்ச நேரம் இருக்கலாம்.

நற்பிட்டிமுனையில் ஒருவர் வயலோரக் காணியை மண் போட்டு நிரப்பிக்கொண்டிருந்தார். வரம்போரத்து வேம்பை வாளால் அறுக்க ஆள் பேசியிருந்தார். அறுக்காமல் எனக்குத் தாருங்கள் என்று கேட்டேன். பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அந்த மரத்தைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் மண். எங்கள் கடற்கரை மணலில் நிற்கிற மரத்தைக் கிளப்பினால் மணல் எல்லாம் கொட்டி வேர் மட்டும் தொங்கும். வயலோரம் களி. களி வேரைக் கட்டிப் பிடிக்கும். அரைவாசிச் சுற்றுக்குக் கிடங்கு வெட்டி, வேரை வாளால் சுத்தமாக அறுத்து, மூடி வைத்தேன். புது வேர் விட்ட பிறகு மற்ற அரைவாசி. மாதக் கணக்கில் போன வேலை அது. அலவாங்குக் கம்பி பிடித்துக் கை எல்லாம் கொப்புளம். கடைசியில் ஈரச்சாக்கைச் சுற்றி, மேளத்துக்கு வார் கட்டுவதுபோலக் கயிறு கட்டினேன்.

கலியாண நாளும் நெருங்கியது. மரம் ஆயத்தம். குழி ஆயத்தம். மற்றக் கயிற்றுக்கு ஆள் இல்லை.

இரண்டு கூலியாட்களை வைத்து ஒரு சின்ன மரத்தில் பழக்கிப் பார்த்தேன். ஒருவன் கயிற்றை மரத்தில் கட்டிவிட்டுப் போன் பார்த்தான். மற்றவன் நான் இழுக்கும்போது அவனும் இழுத்தான்.

“வாப்பாவக் கூப்பிடவா மாமா?” என்று சிபானா கேட்டாள்.

“உன்ட வாப்பா. என்ன ஏன் கேக்காய்?”

கூப்பிட்டிருக்கிறாள். மரத்தை இறக்கிய அன்று காலை லொறி வந்தபோது அவன் ஏற்கெனவே ஒழுங்கை முனையில் நின்றான். தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, தானாகவே மற்றக் கயிற்றை எடுத்தான்.

நன்மைக்கு ஒரு கை

லொறிக்காரன் செபஸ்தி, சொறிக்கல்முனை ஆள். என்னோடு பல வேலை செய்தவன். ஒழுங்கையைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“காக்கா, மேல கரண்ட் வயர். இதுக்குள்ளால நிமித்திக் கொண்டுபோக ஏலா.”

“பக்கத்து வளவுச் சுவருக்கு மேலால சரிச்சு எடு.”

“சுவர் உடைஞ்சா?”

“உடைஞ்சா நீ ஒண்டு கட்டு.”

“அப்ப நான் லொறிய வித்துட்டு மேசன் வேலைக்குப் போறன்.” சிரித்துக்கொண்டே ஏறினான்.

அப்படித்தான் அந்த மரம் சுவருக்கு மேலால் வந்தது. லத்தீப் ஒரு சுண்டு, நான் பொறுத்தேன். நான் இரண்டு சுண்டு, அவன் விட்டான். ஒரு ஓடு விழவில்லை, ஒரு கிளை முறியவில்லை. குழிக்கு நேரே, நிலத்திலிருந்து இடுப்பளவு உயரத்தில் உருண்டை வந்து நின்றது. இனி இறக்க வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்துப் பகல் ளுஹர் தொழுகை முடிந்து ஆட்கள் வந்தார்கள். ஒழுங்கை நிறைய வெள்ளைச் சாரனும் தொப்பியும். கேற் திறந்து கிடந்தது, உள்ளே வந்துவிட்டார்கள். அவர்களோடு ஹனீபாவும் வந்தார். கலியாண வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று பார்க்க வந்திருக்கிறார்.

கூட்டத்தில் ஒருவர் சொன்னார்.

“மரம் நடுறது ஸதக்கா. இதுட பழத்தக் காகம் திண்டாலும் நட்டவனுக்கு நன்மை.”

இன்னொருவர், “நட்டவனுக்கு மட்டுமா? கை வச்ச எல்லாருக்கும்தான்.”

அவ்வளவுதான். ஆளாளுக்குக் கை வைத்தார்கள். ஒருவர் கிளையைப் பிடித்தார். ஒருவர் சாக்கைப் பிடித்தார். ஒரு கிழவர் எட்டாமல் இலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஹனீபா வெள்ளைச் சட்டைக் கையை மடித்து, பிஸ்மி சொல்லி, உருண்டையில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். எதிர்ப்பக்கத்து ஆட்கள் தங்கள் பக்கம் இழுத்தார்கள். எல்லோருக்கும் நல்ல எண்ணம். ஒருவருக்கும் மற்றவர் எந்தப் பக்கம் தள்ளுகிறார் என்று தெரியாது.

என் கயிறு மூன்று தடவை சுண்டியது.

நான் அந்த வளவே கேட்கக் கத்தினேன். “கைய எடுங்கடா எல்லாரும்.”

முன் வரிசையில் நின்று தொழுகிற பெரிய மனிதர்கள் அதில் இருந்தார்கள். என் வாயில் வந்தது அதுதான். எல்லோரும் கையை எடுத்தார்கள். எடுத்த அந்த நொடியில் உருண்டை ஆடி, குழியின் விளிம்பில் இடித்தது. சாக்கு கிழிந்தது. ஒரு பக்கத்துக் களிமண் உடைந்து ஹனீபாவின் செருப்பில் கொட்டியது. உள்ளே வெள்ளை வேர்கள் தெரிந்தன.

செபஸ்தி லொறியிலிருந்து எட்டிப் பார்த்து, “சரி, நன்மை கிடைச்சிட்டு,” என்றான். சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

பிறகு ஆட்களைக் கேற்றுக்கு வெளியே அனுப்பிவிட்டு இறக்கினோம். பழைய இடத்தில் தண்டின் வடக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெயின்ற் வைத்திருந்தேன். புது இடத்திலும் அந்தப் பக்கம் வடக்கே பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நிழலில் இருந்த பட்டையை வெயில் வெடிக்க வைக்கும். லத்தீப் சுற்றி இழுத்தான், நான் விட்டேன். வெள்ளை அடையாளம் வடக்கே வந்து நின்றது. ஒரு வார்த்தை கதைக்காமல் அந்த வேலையை முடித்தோம்.

ஒரே சஹன்

சிபானாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் சமைத்திருந்தார்கள். பாய் விரித்துச் சஹன் வைத்தார்கள். ஒரு பெரிய தட்டில் சோறு, அதைச் சுற்றி இருந்து எல்லோரும் அதிலேயே கை போட்டுச் சாப்பிடுவது. எங்கள் சஹனில் நான், லத்தீப், ஹனீபா, செபஸ்தி. யார் அப்படி இருத்தியது என்று எனக்குத் தெரியும். அவள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள்.

கதைக்காத மனிதனோடு ஒரு தட்டில் சாப்பிடுவது இலேசான காரியம் இல்லை. அவன் கை சோற்றில் இருக்கும்போது நான் கையை எடுத்தேன். நல்ல இறைச்சித் துண்டு ஒன்றை லத்தீப் என் பக்கம் தள்ளினான். நான் அதை நடுவுக்குத் தள்ளினேன். அவன் மறுபடியும் தள்ளினான். நான் மறுபடியும் நடுவில் வைத்தேன்.

“ரெண்டு பேருக்கும் வாணாட்டி எனக்குத் தாங்க,” என்று செபஸ்தி எடுத்து வாயில் போட்டான். “எங்கட ஊர்ல ஆளுக்கொரு பீங்கான். இந்தச் சண்டை வராது.”

லத்தீப் ஹனீபாவைப் பார்த்துத் தொடங்கினான். குரலில் ஒரு கவலை.

“மண் உடைஞ்சு போச்சு. இனி இது லேசுல பிடிக்காது.”

“நான் லேசாத்தானே தோளக் குடுத்த,” என்றார் ஹனீபா.

“ஓம். எல்லாரும் லேசாத்தான் குடுத்த. ஆனா வேர் அறுந்திட்டு. இத ஒரு வருசம் ஒவ்வொரு நாளும் ஆள் பாக்கணும். இந்த மணலுக்குள்ள களி உருண்டை. தண்ணி கூடினாலும் செத்திரும், குறைஞ்சாலும் செத்திரும். கலியாணம் முடிச்ச வீட்டு வாசல்ல பட்ட மரம் நிண்டா சனம் என்ன கதைக்கும்?”

ஹனீபா கையைச் சோற்றிலிருந்து எடுத்துவிட்டார். “அப்ப ஆர் பாக்குற?”

“இறக்கின ஆள்தான் பாக்கணும்.”

“இறக்கினது என்ட லொறி,” என்றான் செபஸ்தி. “என்னால வந்து நிக்க ஏலா.”

ஹனீபா என் பக்கம் திரும்பினார். அவரும் கெட்ட மனிதர் இல்லை. முகத்தில் உண்மையான பயம் இருந்தது.

“அப்ப காக்கா வந்து பாத்துட்டுப் போங்க. நீங்க வந்தாத்தான் எங்களுக்கும் நிம்மதி.”

வந்து, பார்த்துவிட்டு, போங்கள். நானும் சோற்றிலிருந்து கையை எடுத்தேன்.

உடைந்த மண்ணை நான் கையால் தடவிப் பார்த்திருந்தேன். ஒரு ஓரம்தான். பெரிய வேர் ஒன்றும் அறவில்லை. ஒரு வருடம் என்று லத்தீப் சொன்னது பொய். நாலைந்து மாதம் போதும், அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். வீட்டை விட்டு என்னை அனுப்பியவன், நான் கட்டிய வீட்டுக்கே என்னை மறுபடி உள்ளே எடுக்க ஒரு பொய்யைச் சோற்றுக்கு மேல் வைத்தான். அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டுமா, அவன் மூக்கில் குத்த வேண்டுமா என்று இன்றைக்கும் தெரியாது.

அந்தப் பொய்யை அங்கேயே விட்டு எழும்பினேன். கையைக் கழுவினேன்.

போகும்போது அவன் தன் கயிற்றைச் சுருட்டினான். பிறகு என் கயிற்றையும் சுருட்டினான். இரண்டையும் கிணற்றடியில் மாட்டிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். நாங்கள் சமாதானமாகிவிட்டோம் என்று ஊரில் கதை. இல்லை. சுலைஹாவின் வருடக் கத்தத்துக்கு முன் அவன் போனது போனதுதான்.

ஒலுவில் வாடி

கலியாணத்துக்கு முன்பே வந்துவிட்டேன். ஒரு பெட்டி, ஒரு பாய், ஒரு மண்வெட்டி. வாடிக்கு முன்னால் கடல். இங்கே கடல் கரையைத் தின்றுகொண்டே வருகிறது. காலையில் எழும்பிப் பார்த்தால் ஒரு தென்னை சாய்ந்து கிடக்கும், வேர் எல்லாம் கழுவிய நூல்போலத் தொங்கும். ஒரு மரத்தை வேரோடு எடுக்க நான் மாதக் கணக்கில் மெனக்கெடுகிறேன். கடல் ஒரு இரவில் எடுத்துவிட்டு எறிந்துவிட்டுப் போகிறது.

ஒரு வேளை சமைத்து இரண்டு வேளை சாப்பிடுகிறேன். கதைக்க ஆள் இல்லை. சில நாள் பஸ் கொண்டக்டருக்கு இடத்தைச் சொல்லும்போதுதான் அன்றைய முதல் வார்த்தை என் வாயிலிருந்து வரும். குரல் கரகரக்கும். ஒரு தடவை அவன், “தடிமனா காக்கா?” என்று கேட்டான். ஓம், சளிதான் என்றேன்.

ஒவ்வொரு நாளும் முதல் பஸ். கேற்றைத் திறந்து, கிணற்றில் அள்ளி, உருண்டையின் மேல் மெதுவாக ஊற்ற வேண்டும். சுற்றியுள்ள மணலில் ஊற்றினால் தண்ணீர் கீழே ஓடிவிடும், களி காய்ந்தே கிடக்கும். ஒரு வாளியை ஊற்றிவிட்டு, அது உறிஞ்சும் வரைக்கும் பக்கத்தில் குந்தியிருந்து, அடுத்தது. நேரம் எடுக்கும் வேலை.

மாப்பிள்ளைப் பொடியன் சலாம் சொல்லிவிட்டு வேலைக்குப் போவான். என் அறையில் இப்போது அவனுடைய மேசையும் புடவைக் கடைப் பெட்டிகளும். நான் உள்ளே போவதில்லை. சிபானா தேத்தண்ணீரைக் கொண்டுவந்து மரத்தடிக் கல்லில் வைப்பாள். அவளும் கொஞ்ச நேரம் நிற்பாள்.

“என்ன கறி நேத்து?” என்று கேட்பேன்.

“சூடை மீன்.”

“ஆக்கினதா, பொரிச்சதா?”

“ஆக்கின.”

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அதற்காகத்தான் பஸ் ஏறுகிறேன்.

முதல் மாதத்தில் இலை எல்லாம் கொட்டியது. வெறும் கொப்பு. ஹனீபா வாரத்துக்கு ஒரு தரம் வந்து அண்ணாந்து பார்ப்பார்.

“பிடிக்குமா காக்கா?”

“தெரியா.”

“நான் லேசாத்தான் தோளக் குடுத்த.”

“தெரியும்.”

அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது. நகத்தால் பட்டையைச் சுரண்டினால் உள்ளே பச்சை. அதை அவருக்குக் காட்டவில்லை.

பிறகு ஒரு காலை, நுனிக் கொப்பில் செப்பு நிறத்தில் சின்னத் தளிர். அடுத்த நாள் இன்னும் இரண்டு இடத்தில். கொஞ்ச நாளில் மரமே சிவந்து, பிறகு பச்சையானது. ஒரு நாள் ஆள் இல்லாத நேரம் உருண்டைக்கு வெளியே மணலைக் கையால் தோண்டினேன். வெள்ளையாகப் புது வேர், விரல் நீளத்துக்கு, களியை விட்டு மணலுக்குள் போயிருந்தது. மண்ணை மூடினேன்.

அதற்குப் பிறகு மழையும் வந்துவிட்டது. மரம் தானாகக் குடிக்கிறது. அதற்கு என்னுடைய தண்ணீர் தேவையில்லை. நான் இன்னும் போகிறேன். மரத்துக்கு அரை வாளி ஊற்றிவிட்டு, மிச்சத்தை வாழைக்கு ஊற்றுகிறேன்.

சிபானா போன கிழமை கேட்டாள். “இன்னும் எத்தின மாசம் மாமா?”

“லத்தீப் ஒரு வருசம் எண்டானே.”

அவன் பெயரை அந்த வளவுக்குள் நான் சொன்னது அதுதான் முதல் தடவை, சுலைஹா போன பிறகு. அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஹனீபாவின் கடையில் இந்தப் பத்திரிகை எடுக்கிறார்கள். சிபானாவும் படிக்கிறாள். படித்துவிட்டு, இதெல்லாம் ஏன் எழுதுகிறீர்கள் என்று திட்டுகிறாள். லத்தீப் படிக்கிறானா தெரியாது.

எல்லோருக்குமாகச் சொல்கிறேன். மரம் பிடித்துவிட்டது. ஹனீபா தம்பி நிம்மதியாகத் தூங்கலாம். ஒரு வருடம் என்று சொன்னது பொய். நாள்தோறும் ஆள் வந்து பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

சிபானா, இந்தப் பத்திரிகை உன் கைக்கு வருகிற நாளிலும் நான் முதல் பஸ்ஸில் வருவேன். வாளியைத் தொடமாட்டேன். தேத்தண்ணீர் ஊற்றினால் குடிப்பேன்.